ஏகாம்பரம் கொண்டுவந்த காவி

"எனக்குத் துறவு குடுங்க சாமி. இன்னிக்கே குடுங்க" என்றார் ஏகாம்பரம்.

ஆற்றங்கரை மடத்தின் உள்ளறையில் மடத்துத் தலைவி தவமணி அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

ஏகாம்பரம் கடைவீதியில் பெரிய பட்டுக்கடை வைத்திருப்பவர். அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிறவர். தவமணி அம்மாளுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் ஊரே சாமி என்றது, அவரும் சாமி என்றார். யாருக்கும் லேசில் தலை வணங்காத மனிதர், இந்த ஒரு இடத்தில் மட்டும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"அப்படி என்ன அவசரம்?"

"வீட்ல இருக்க முடியல."

"வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நானும் கனகவல்லியும்தான். பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு."

"கனகவல்லி அம்மா என்ன பண்றாங்க?"

"ஒண்ணும் பண்ணல. அதான் சாமி தொல்லையே! மூஞ்சியை உம்முன்னு வெச்சுக்கிட்டு நிக்கிறா. கதவு தொறக்கறப்ப உம். சோறு போடறப்ப உம். வருஷக்கணக்கா இதே மூஞ்சி. என்னைப் பிடிக்கலைன்னு நெத்தியில எழுதி ஒட்டின மாதிரி இருக்கு. பிடிக்காத எடத்துல எதுக்கு இருக்கணும்? முடிவு பண்ணிட்டேன். காவியைக்கூட நானே கொண்டாந்துட்டேன்."

பையிலிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டினார். கடைச் சரக்கில் முதல் தரம். துறவு வாங்க வந்தாலும் வியாபாரி வியாபாரிதானே, மட்டமான துணியைத் தொடுவாரா?

தவமணி அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு துணியை வாங்கினார். நெருடிப் பார்த்தார். எழுந்து முற்றத்துக்குப் போனார். காலை வெயிலில் அதை உதறி விரித்தார்.

"அய்யா, கொஞ்சம் இங்க வாங்க. இது என்ன கலர்?"

ஏகாம்பரம் வந்து பார்த்தார். பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ரோஸ். சின்னப் பெண்ணுக்குப் பிறந்தநாள் பாவாடை தைக்கிற ரோஸ்.

முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த சீடன் பொன்னரசு, துடைப்பத்தோடு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

"ராத்திரி எடுத்தேன் சாமி" என்றார் ஏகாம்பரம். குரல் உள்ளே போய்விட்டது. "கடையில மஞ்ச பல்பு. அதுல காவியாத்தான் தெரிஞ்சுது."

"கடைக்கு வர்றவங்க புடவையை எப்படிப் பாப்பாங்க?"

"வாசலுக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. 'கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க'ம்பாங்க. வெளிச்சத்துல பாக்காம ஒரு பொம்பளை என் கடையில புடவை எடுத்ததில்ல."

"நீங்க?"

பட்டுக்குள்ளேயே வாழ்ந்த மனிதர், முதன்முதலாகப் பட்டு வாங்க வருகிற பட்டிக்காட்டானைப் போல ஏமாந்திருந்தார். அதுவும் தன் கடையில், தன் பல்பிலேயே.

"சரி, துணியை விடுங்க. முடிவை எப்ப எடுத்தீங்க?"

"அதுவும் ராத்திரிதான். சாப்பிட்டுட்டு."

"எந்த விளக்குல?"

"கூடத்து ட்யூப்லைட்டுல."

தவமணி அம்மாள் ரோஸ் துணியை மடித்து அவர் கையில் வைத்தார்.

"அப்ப அந்த முடிவையும் வாசலுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாருங்க. அங்கயும் காவியாவே தெரிஞ்சா வாங்க. நானே குடுக்கறேன்."

*

நடந்து போகும்போதுதான் ஏகாம்பரத்துக்கு அந்த யோசனை வந்தது. கனகவல்லியைப் பகலில் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று?

விடியும் முன் குளித்துவிட்டுக் கிளம்புகிறவர். கோயில், அங்கிருந்து நேரே கடை. சாப்பாடு கேரியரில் கடைக்கே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் முகூர்த்தக் கூட்டம் அதிகம், அன்றைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. வீடு திரும்பினால் கூடத்தில் அந்த ட்யூப்லைட். அதற்கு நேர் கீழே அவர் உட்காருவார், அதற்கு நேர் கீழே அவள் குனிந்து பரிமாறுவாள். நீலம் பூத்த அந்த வெளிச்சம் தலைக்கு மேலிருந்து கொட்டும். கண்ணுக்கடியில் இருட்டு, மூக்குக்கடியில் இருட்டு, உதட்டோரத்தில் இருட்டு.

நடை வேகம் பிடித்தது. கடைசித் தெருவில் கிட்டத்தட்ட ஓடினார்.

கனகவல்லி மாவுக் கையோடு கதவைத் திறந்தாள். நட்ட நடுப்பகலில் புருஷனைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"என்னாச்சு? கடையில ஏதாவது தீப்பிடிச்சுக்கிச்சா?"

"ஒண்ணுமில்ல. வாசலுக்கு வா."

"எதுக்கு?"

"வாயேன், சொல்றேன்."

அவளை வாசலில் நிறுத்தினார். புடவையைப் பார்ப்பதுபோல் இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று மெதுவாகத் திறந்தது.

"உங்களுக்கென்ன பித்தா பிடிச்சிருக்கு?" என்றாள் கனகவல்லி. புருவம் நெரிந்தது, உதடு இறுகியது, முகம் சுண்டியது.

அதே உம்.

ஆனால் அந்த நிமிஷம் ஏகாம்பரத்தின் கவனம் அதில் இல்லை. வேறொன்றைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு, அவளை அங்கேயே விட்டு, வந்த வழியே திரும்பி ஓடினார்.

*

"பழுப்பு சாமி!"

தவமணி அம்மாள் நிமிர்ந்தார்.

"அவ கண்ணு! கறுப்புன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். பழுப்பு! புளியங்கொட்டை இருக்கே, அந்தக் கலர். நாப்பது வகை பழுப்பு விக்கறேன் நான். வீட்ல ஒண்ணு இருக்கறது தெரியாது!"

அவருக்கு மூச்சு வாங்கியது. சிரிப்பும் வந்தது. பிறகு ஞாபகம் வந்தவராகத் தோள் தொங்கிப்போனார்.

"ஆனா முறைப்பு முறைப்பாத்தான் இருக்கு. வெளிச்சத்துல பாத்தாச்சு சாமி. உம் உம்மேதான்."

"எங்க நிறுத்தினீங்க?"

"வாசல்ல."

"நேரம்?"

"உச்சி வெயில்."

தவமணி அம்மாள் அவர் தோளைப் பிடித்து முற்றத்து நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். வெயில் நேரே கண்ணில் இறங்கியது.

"பொன்னரசு! இந்த அய்யாவைப் பாரு. எப்படி இருக்காரு?"

பொன்னரசு எட்டிப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்வாங்கினான். "யார் மேல சாமி இவ்வளவு கோபம்? நான் சிரிச்சதுக்கா?"

ஏகாம்பரம் தன் முகத்தைத் தானே தடவிப் பார்த்தார். புருவம் நெரிந்திருந்தது. உதடு இறுகியிருந்தது.

"எனக்குக் கோபமே இல்லியே!" என்று கத்தினார்.

"அப்படியா?" என்றார் தவமணி அம்மாள்.

*

அதற்குப் பிறகு ஏகாம்பரத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை.

தினமும் மடத்துக்கு ஓடி வந்தார். வாசல்படியில் செருப்பைக் கழற்றுவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிடும்.

"பஸ் ஸ்டாண்டுல ரெண்டு டீக்கடை சாமி. ஒண்ணுல நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கான். உள்ள உக்காந்திருக்கறவன் எல்லாம் எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருக்கான். டீயைக் குடிச்சமா எழுந்தமான்னு போறான். பக்கத்துக் கடைக்கு எதிர்ல வெள்ளைச் சுவரு. அங்க ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டேங்கறான்! ஒரே சிரிப்பு! ரெண்டு கடையிலயும் குடிச்சுப் பாத்துட்டேன். டீ நல்லா இருக்கறது நீலக் கடையிலதான்!"

மறுநாள்:

"கறிக்கடை பாய் செவப்புக் காகிதம் சுத்தி பல்பு போட்டிருக்காரு சாமி. கறிக்காகத்தான் போட்டாரு. அவர் மூஞ்சியும் சேந்து மாப்பிள்ளை மாதிரி ஜொலிக்குது!"

அதற்கடுத்து வந்தபோது அவருக்கு வார்த்தையே சரியாக வரவில்லை.

"சந்தையில நின்னுட்டிருந்தேன். ஒரே கூச்சல். வெங்காயம் தக்காளின்னு காது கிழியுது. சூரியனை ஒரு மேகம் மறைச்சுது பாருங்க, மொத்தச் சந்தையும் குரலைத் தாழ்த்திச்சு சாமி! யாரும் சொல்லல. யாருக்கும் தெரியவுமில்ல. மேகம் நகந்ததும் மறுபடி கூச்சல். எனக்குச் சிலுத்துப்போச்சு. எத்தனை தடவை அந்தச் சந்தைக்குப் போயிருப்பேன்! இத்தனை நாளும் கண்ணை எங்க வெச்சிருந்தேன்?"

சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான். அந்த வயதில் ஒரு மனிதனுக்கு உலகம் புதிதாகக் கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

கடையில் மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டாராம். பின்பக்கம் அடைத்து வைத்திருந்த ஷட்டரைத் தூக்கிவிட்டாராம். கணக்குப் பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டாராம். பட்டுக்குப் பளபளப்பு கொஞ்சம் குறைந்தது, விற்கிற பெண்களின் முகத்தில் அது ஏறிக்கொண்டது. கல்யாணப் பெண் ஒருத்தி அடம்பிடிக்காமல் புடவை எடுத்தாளாம்.

தவமணி அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"கனகவல்லி அம்மா எப்படி இருக்காங்க?"

ஏகாம்பரம் திறந்த வாயை மூட மறந்தார்.

"அன்னிக்கு வாசல்ல நிறுத்திட்டு வந்தீங்களே. அப்புறம்?"

"அப்புறம்... வெளிச்சத்துல பாக்கல சாமி."

"இன்னும் வாசல்லயே நிக்கறாங்களோ என்னவோ" என்றார் தவமணி அம்மாள்.

ஏகாம்பரம் எழுந்தார். ஒரு செருப்பை மடத்திலேயே விட்டுவிட்டு ஓடினார்.

*

வீட்டை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

கதவு திறந்தே இருந்தது. கூப்பிட நினைத்தார், கூப்பிடவில்லை. உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம்.

கூடத்தில் ஆளில்லை. சமையலறையிலும் இல்லை. சத்தம் வீட்டின் கடைசி அறையிலிருந்து வந்தது. பகலில் வீட்டில் இருந்தே பழக்கமில்லாத மனிதர், சொந்த வீட்டுக்குள் திருடனைப் போல் பதுங்கிப் பதுங்கி நடந்தார்.

அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மாலை வெயில் அந்தச் சுவரில் பட்டு, காரமெல்லாம் குறைந்து, பாலில் மஞ்சள் கலந்த மாதிரி அறை முழுக்க நிறைந்திருந்தது. மூலை முடுக்குக்கூட விட்டுப்போகவில்லை.

கனகவல்லி காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வாரப் பத்திரிகை. ஏதோ துணுக்கைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சநஞ்சச் சிரிப்பில்லை. தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஏகாம்பரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தச் சிரிப்பு இந்த வீட்டில்தான் இருந்ததா? தினமும் இந்த நேரத்துக்கு வந்துகொண்டிருந்ததா? அவர் கடையில் உட்கார்ந்து ஊரார் பெண்டாட்டிகளுக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதெல்லாம்?

அவர் கை பட்டுக் கதவு முனகியது.

கனகவல்லி நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

ஏகாம்பரம் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். வெளிச்சம் அதேதான். ஜன்னல் அதேதான். வந்து நின்றது அவர் ஒருவர்தான். அப்படியென்றால் உம் என்பது ட்யூப்லைட்டில் இல்லை, வெயிலில் இல்லை. ராத்திரி எடுத்த முடிவு பகலிலும் காவியாகத்தான் தெரிந்தது.

"நான் போறேன்" என்றார். "நீ படி. நான் கெளம்பறேன்."

"நில்லுங்க."

நின்றார்.

"யாரோன்னு நெனச்சுட்டேன்" என்றாள் கனகவல்லி. "ஒரு நிமிஷம் அடையாளமே தெரியல. பயந்தே போயிட்டேன். அன்னிக்கு வாசல்லகூட வெயில் கூசி உங்க மூஞ்சி சரியாத் தெரியல. இப்படி வந்து உக்காருங்க."

ஏகாம்பரம் வந்து எதிரில் உட்கார்ந்தார். ஒற்றைச் செருப்பு இன்னும் காலிலேயே இருந்தது. வீட்டுக்குள் செருப்போடு வந்ததை அவள் கவனித்தாள், ஆனால் கண் அங்கே நிற்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியை, காதோரத்தை, கன்னத்தை. ஏகாம்பரத்துக்குக் கூச்சமாக இருந்தது. அவரை யாரும் அப்படி விரித்துப் பார்த்ததில்லை.

"உங்க மீசை எப்ப நரைச்சுது?" என்று கேட்டாள்.

அவர் மீசையைத் தொட்டுப் பார்த்தார். "தெரியலியே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. புளியங்கொட்டைக் கண்ணில் நீர் திரண்டது. ஏகாம்பரம் பதறிப்போய் அவள் பக்கம் நகரப் பார்த்தார்.

"நகராதீங்க" என்றாள் கனகவல்லி. "அப்படியே இருங்க. வெளிச்சம் போறதுக்குள்ள இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்."