காலடிப் பலகை

ஆள் மாறிப்போயிற்று. எண்ணெய் வியாபாரியைக் கொன்றவன் மருதையன். தூக்கில் தொங்கியவன் ஆட்டுக்காரப் பொன்னையா.

போன வாரம் மருதையன் கள் குடித்துவிட்டு உளறினான். பிடித்துவிட்டார்கள்.

தீர்ப்புச் சொன்ன நியாயாதிபதி ஆதிமூலம் மலையேறித் தன் குருவிடம் வந்தார்.

“சாமி, நாளைக்கு மருதையனைத் தொங்கவிடணும். மனசு வரலை. விட்டுட்டா, பொன்னையா சும்மா செத்த மாதிரி ஆயிடும்.”

“தொங்கவிட்டா?”

“அதுவும் தெரியலை.”

“தூக்கு எதுக்கு?”

“பார்க்கிறவனுக்குப் பயம் வரும்.”

“பொன்னையா தொங்கினப்ப மருதையன் எங்கே?”

“கூட்டத்துலதான். முன்னால நின்னு வேர்க்கடலை தின்னான். நானே பார்த்தேன்.”

குரு மூக்கைச் சிந்திப் போட்டார்.

“பலகையை யார் இழுக்கிறது?”

“செத்தவர் வீட்டார். அதுதான் எங்க ஊர் வழக்கம். கொன்னவன் காலடிப் பலகையை அவங்கதான் இழுக்கணும். வியாபாரி மகன் வருவான்.”

“பொன்னையாவைக் கொன்னது யாரு?”

ஆதிமூலம் தீர்ப்பு எழுதிய தன் கையைப் பார்த்தார்.

“நட” என்றார் குரு.

காலையில் தூக்குமேடைக்கு வந்து சேர்ந்தார்கள். கூட்டம். கை கட்டிய மருதையன். பலகைக் கயிற்றைப் பிடித்தபடி வியாபாரி மகன்.

குரு ஆதிமூலத்திடம் பலகையைக் காட்டினார். “ஏறு.”

“சாமி, தூக்கு அவனுக்கு” என்றான் வியாபாரி மகன்.

“உன் முறை வரும். கயிற்றைக் கொடு. தள்ளி நில்லு.”

ஆதிமூலம் ஏறினார். ஏன் ஏறினார் என்று அவருக்கே விளங்கவில்லை. சுருக்கு மூக்கில் இடித்தது.

குரு, பொன்னையாவின் மனைவியைக் கூப்பிட்டுக் கயிற்றை அவள் கையில் கொடுத்தார்.

“இழு புள்ளே” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவள் இழுக்கவில்லை. பலகையையே பார்த்தாள்.

“கால் நடுங்குதுங்களே ஐயா.”

“ஆமாம்மா.”

“அவருக்கும் இப்படித்தான் நடுங்கிச்சு. நீங்க பந்தலுக்குள்ள இருந்தீங்க. தெரிஞ்சிருக்காது.”

ஆதிமூலம் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“இறங்குங்க.”

இறங்கினார். அவள் கயிற்றைச் சுருட்டினாள். பலகையைத் தூக்கித் தலையில் வைத்தாள். நடந்தாள். கூட்டம் வழி விட்டது.

“இப்ப நான் எதை இழுக்கிறது?” என்றான் வியாபாரி மகன்.

“சாமி, அப்ப மருதையன்?” என்றார் ஆதிமூலம்.

“என்னை ஏன் கேட்கிறே? பலகை அங்கே போகுது.”

ஆதிமூலம் அவள் பின்னால் ஓடினார். எட்டிப் பிடித்ததும் என்ன கேட்பது என்று குழம்பிப்போனார்.

“உன் பேர் என்னம்மா?”

அவள் நிற்கவில்லை.

“சிலம்பாயி.”