ஊருக்கே வயிற்றுப்போக்கு

கடற்கரை ஊர் ஒன்றில் டாக்டர் பாக்கியசீலி சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி நடத்திவந்தார். ஊரில் பாதிப் பெண்களுக்கு இறால் கம்பெனியில் வேலை. ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டு நாள் முழுக்க இறால் உரிக்க வேண்டும். டாக்டரிடம் தொழில் பழக வந்திருந்த இளம் டாக்டர் நவநீதன் சென்னைக்காரன். நல்ல பையன், புத்தகத்தில் உள்ளதை வரி பிசகாமல் நம்புகிறவன்.

அன்று அவன் முகம் வாடிப்போய் வந்து நின்றான்.

"மேடம், செலஸ்டினா திரும்ப வந்திருக்காங்க. விரல் இடுக்கெல்லாம் சீழ் வச்சிருக்கு. ஒரு வாரம் ஐஸ்ல கை வைக்காத லேசான வேலை குடுங்கன்னு நேத்து சீட்டு எழுதிக் குடுத்தேன்."

"வரச் சொல்லுங்க."

செலஸ்டினா சேலைத் தலைப்பில் கையை மறைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சூப்பர்வைசர் சீட்டைப் படிச்சிட்டுச் சிரிக்காவ டாக்டரம்மா. ஐஸ்ல கை வைக்காத வேலை மேனேஜர் வேலைதான், அது காலி இல்லைன்னுட்டாவ. கை ஆகாதவளுக்கு இங்க என்ன சோலின்னு கேக்காவ. நாளைக்கு வேற ஆளு எடுத்துருவாவ. கை சரியாயிட்டுன்னு எழுதித் தாங்க, போதும்."

நவநீதன் பதறினான். "இந்தக் கையோட போனா விரலையே எடுக்க வேண்டி வரும்மா."

"விரலு போனா ஒண்ணு போவும் சார். வேலை போனா?"

பாக்கியசீலி பேனாவை எடுத்தார். வயிற்றுப்போக்கு, ஒரு வாரம் ஓய்வு தேவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செலஸ்டினா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கட்டுப் போடும் அறைக்குப் போனாள்.

"அவங்க வயிறு நல்லாத்தானே இருக்கு மேடம்?"

"வெளிநாட்டுக்குப் போற சரக்கு தம்பி. வயிறு கெட்டவளை உள்ளேயே விட மாட்டாங்க. ஆனா பேரை அடிக்கவும் மாட்டாங்க, குணமானதும் கூப்பிட்டுக்குவாங்க. இந்த ஊர்ல அது ஒண்ணுக்குத்தான் லீவு."

"இது பொய்யில்லையா?"

"பொய்தான். பல வருஷமா எழுதுறேன்."

சொல்லும்போதே அவருக்கு அலுத்துப்போயிருந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"போன மழைக்கு சுகாதாரத் துறையிலேர்ந்து வந்தாங்க. இவ்வளவு பேருக்கு வயிற்றுப்போக்கான்னு பயந்துபோய், குடிதண்ணித் தொட்டியைக் கழுவினாங்க. தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவினாங்க. கம்பெனி ஐஸ் தொட்டியை ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. எதுக்குப் பார்ப்பாங்க? நான் எழுதின சீட்டுப்படி இந்த ஊர்ல யாருக்கும் கையில புண்ணே கிடையாது."

நவநீதனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"அப்ப உண்மையையே எழுத ஆரம்பிச்சிடலாம் மேடம். இன்னைக்கே."

"ஆரம்பிக்கலாம்."

பாக்கியசீலி பேனாவை மூடி அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். வெளியே பெஞ்சு நிறையப் பெண்கள், கைகளை மடியில் பொத்தி வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"முதல் உண்மையை யார் பேர்ல எழுதலாம்னு நீங்களே போய்க் கேட்டுட்டு வாங்க."