மூவரும் சேர்ந்தால் வரும் சத்தம்

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. கண்ணாடியில் விரிசல் ஓடுவது போன்ற சத்தம்.

அது கட்டம் கட்டமாகப் பின்னிய ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் மூன்று துகள்கள் குடியிருந்தார்கள். அப்பா திரள், அம்மா துளி, அவர்களுடைய குழந்தை பொட்டு. சத்தம் அடங்கியபோது பொட்டின் மேல் புதிதாக ஒரு கீறல் விழுந்திருந்தது.

"குழந்தையை என்ன பண்ணினே?" என்றான் திரள்.

"நானா? நீங்கதானே பக்கத்திலே நின்னீங்க!"

"நான் தொடக்கூட இல்லை, துளி."

அவன் தொடவில்லைதான். அவளும் தொடவில்லை.

விடிந்ததும் துளி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிழக்கு வாசல் வழியாக வெளியேறினாள். ஆனால் அந்தப் பெட்டியைச் செய்த விதம் அப்படி, கிழக்கே போனவர்கள் மேற்கு வாசல் வழியாக உள்ளே வந்து நிற்பார்கள். அங்கே திரள் நின்றிருந்தான். "எங்கே, காத்தாட நடந்துட்டு வர்றீங்களா?" என்று எட்ட நின்றபடியே சிரித்துக்கொண்டு கேட்டான்.

அன்றைக்கே கணக்கு அவர்களைப் பார்க்க நேரில் வந்தது. பெட்டியைக் கட்டி அவர்களைக் குடிவைத்ததே கணக்குதான்.

"ஐயா, இப்படியே போனா பிள்ளை உடைஞ்சு போயிடும்," என்றாள் துளி.

"பயப்படாதே அம்மா. அளந்துவிடலாம்."

முதலில் திரளையும் துளியையும் ஒரு கட்டத்தில் நிறுத்தியது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சத்தம் இல்லை. அடுத்து துளியும் பொட்டும். குழந்தை அவள் மடியிலேயே தூங்கிப்போனது. கடைசியாகத் திரளும் பொட்டும். அவன் யானையாகிக் குழந்தையை முதுகில் ஏற்றிக்கொண்டான். பெட்டி முழுக்கச் சிரிப்பு.

கணக்கு மூன்று விடைகளையும் கூட்டிப் பார்த்தது. "இந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை."

"மூணு பேரையும் ஒண்ணா வெச்சுப் பாருங்கய்யா."

"மூன்று பேர் என்றால் இரைச்சல் அதிகம் அம்மா. அதில் நிஜத்தைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. இரண்டிரண்டாகப் பார்த்துக் கூட்டிவிடுவதுதான் எங்கள் வழக்கம்."

"அப்ப கொஞ்சம் பெரிய வீடாவது குடுங்க."

"பெரிய வீட்டில் நீங்கள் மோதிக்கொள்ளவே மாட்டீர்கள். மோதாவிட்டால் உங்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?"

கணக்கு போய்விட்டது.

"பார்த்தியா, நம்ம மேல ஒரு தப்பும் இல்லை," என்றான் திரள். அவன் முகம் தெளிந்திருந்தது. "வா, மூணு பேரும் சேர்ந்து சாப்பிடலாம்."

துளிக்கும் நம்ப ஆசையாக இருந்தது. மூவரும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்தார்கள். முதல் வாய் உள்ளே போவதற்குள் அந்தச் சத்தம். பொட்டின் ஓரத்திலிருந்து ஒரு துணுக்கு உதிர்ந்து விழுந்தது.

குழந்தை அழவில்லை, அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தது. திரள்தான் அழுதான். உதிர்ந்ததைப் பொறுக்கி, ஒட்டவைக்கக் கிட்டே வந்தான். மறுபடி விரிசல் ஓடத் தொடங்கியது.

அப்போதுதான் துளிக்குப் புரிந்தது. அந்தக் குறை அவனிடமும் இல்லை, தன்னிடமும் இல்லை. மூவரும் கூடும்போது மட்டும் பிறக்கிறது.

அவள் குழந்தையை அள்ளிக்கொண்டு பெட்டியின் கோடியிலிருந்த உள் அறைக்கு ஓடினாள். திரள் வாசல்படிவரை வந்து நின்றான். உள்ளங்கையில் அந்தச் சின்னத் துணுக்கு இருந்தது.

"நானும் வர்றேனே. எட்ட, சுவரோரமா உட்கார்ந்துக்கிறேன்."

"வேண்டாங்க."

"நான் கெட்டவனா, துளி?"

"இல்லை. கெட்டவரா இருந்திருந்தா எனக்கு இவ்வளவு கஷ்டமே இல்லை."

அவள் தோளுக்கு மேலாகப் பொட்டு எட்டிப் பார்த்தது. "அப்பா பாவம்மா."

"பாவம்தான்டா கண்ணு," என்று சொல்லிக்கொண்டே துளி கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.