பலகையில் இருப்பவள்

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேட வேண்டாம். செங்கமலத்துக்கு நாற்பது வயது. இஸ்திரிக் கடை மாடியில் தனியாகக் குடியிருந்தாள். சீடர் பரஞ்சோதி அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஊரே அண்ணாந்து பார்க்கும் ஜவுளிக்கடை விளம்பரப் பலகைகள் எல்லாம் அவர் கைவேலைதான்.

அன்று அவர் மகள் படுத்திருந்த மருத்துவமனையிலிருந்து நேராக வந்தார்.

"அம்மா, மதுவந்தி ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்க மாட்டேங்கறா. இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சா இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"என்ன வேணுமாம் அவளுக்கு?"

"பலகையில இருக்கிற பொண்ணு மாதிரி ஆகணுமாம்."

"பலகையில இருக்கிறது யாரு?"

பரஞ்சோதி தலையைக் குனிந்துகொண்டார். "அவளேதான்."

மூன்று வருடங்களாகப் பெற்ற மகளையே நிறுத்திப் படம் எடுத்தவர் அவர். ஆடி, தீபாவளி, பொங்கல் என்று பண்டிகைதோறும் கடை முதலாளி ஒரே பாட்டைப் பாடுவார்: போன தடவை மாதிரியே வேணும், ஆனா புதுசா இருக்கணும். அதே படிக்கட்டு, அதே சிரிப்பு, புடவைக்கு மட்டும் வேறு நிறம். புதுசுக்கு எங்கே போவது? கம்ப்யூட்டரில் மகளின் இடுப்பை ஒரு நூல் குறைப்பார். அடுத்த பண்டிகைக்கு இன்னும் ஒரு நூல். சனங்களும் வாங்கிய புடவையின் மடிப்பு கலையும் முன்னே மறுபடி கடை வாசலில் வந்து நின்றார்கள். இந்தக் கூத்தில் அந்தப் பெண்ணுக்குத் தன் உடம்பே பிடிக்காமல் போய்விட்டது, பாவம்.

"எப்பத்தான்மா அவ இளைச்சது போதும்னு சொல்லுவா?"

செங்கமலம் அவர் தோளில் தொங்கிய பையைக் காட்டினாள். "இந்தத் தீபாவளிக்கு எடுத்த படம் இருக்கா?"

இருந்தது. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறந்தார். பத்து நாளுக்கு முன் எடுத்தது, இன்னும் கை வைக்காத படம். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, மயில்நீலப் புடவையில் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உடம்பு தேறி வந்தா எப்படி இருப்பாளோ, அப்படி மாத்திக் காட்டுங்க."

பரஞ்சோதி வேலையில் இறங்கினார். கன்னத்தை நிரப்பினார். கண்ணின் கருவளையத்தைத் துடைத்தார். குச்சி போலிருந்த கைகளுக்குச் சதை வைத்தார். மகள் பிழைத்து எழுந்து வருவது போலிருந்தது. அவருக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

"அவ்வளவுதானா?"

"ஒரு நிமிஷம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். கை ஓரிடத்தில் லேசாக நகர்ந்தது.

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. இடுப்புகிட்ட கொஞ்சம் துருத்திக்கிட்டு..."

தன் விரல்களையே வெறித்துப் பார்த்தார்.

செங்கமலம் லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

"அவ பட்டினி கிடக்கறது அழகாகறதுக்கு இல்ல. அப்பாவோட கை ஒரே ஒரு தடவையாவது படத்துல தன்னை வெட்டாம நிக்காதான்னுதான்."