பாட்டுக்கு நகர்ந்த ஓடம்

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் மத்தியானத்தில் நிம்மதியாகத் தூங்கிய ஒரு நாட்டில், ஒரு ராஜாவுக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது. மாடத்துக்குக் கீழே போன மோர்க்காரி ஒருத்தி, "அந்த அம்பலவன் பொல்லாத ஆளுடி!" என்று தோழியிடம் சொல்லிச் சிரித்ததுதான் காரணம். அம்பலவன் அரண்மனை விகடகவி. பொல்லாதவன் என்றால் கெட்டவன். கெட்டவனைப் பற்றிச் சொல்லும்போது குரலில் ஏன் அத்தனை பிரியம்? தன்னை யாரும் அப்படிச் சொன்னதில்லையே என்று ராஜாவுக்கு ஏக்கமாகக்கூட இருந்தது.

சபையில் கேட்டார். அகராதி எழுதிக்கொண்டிருந்த புலவர் இளவழுதியார் துள்ளி எழுந்தார். அம்பலவனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"வேந்தே! பொல்லாத என்றால் தீய என்பதே பொருள். வேறு பொருள் உண்டெனில், அச்சொல் பிறந்த இடத்தை இன்று பொழுது சாய்வதற்குள் அம்பலவனாரே காட்டட்டும். இயலாவிடில் ஆற்றுக்கு அக்கரை போய்விடட்டும்!"

அக்கரை வேற்று நாடு. ராஜா யோசிக்காமல், "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார்.

அம்பலவனுக்குப் பெண்டாட்டியின் முகமும் அவள் வைக்கும் புளிக்குழம்பும் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. ஆனாலும் கைகூப்பி, "அரசே, தாங்களும் புலவரும் சாதாரண வேட்டியில் என்னோடு ஆற்றுத்துறைக்கு வர வேண்டும். நான் தோற்றாலும் போகிற வழி அதுதானே?" என்றான்.

துறையில் ஓடக்காரன் காத்தானின் ஓடம் நின்றது. வெயில் தாழ்ந்து, ஆறு தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல் கிடந்தது. மூவரும் ஏறியும் காத்தான் கோலை ஊன்றவில்லை. தாடியைச் சொறிந்தான்.

"சாமிகளா, ஒரு சங்கதி. இந்த ஓடத்துக்குத் தண்ணின்னா பயம். பாட்டுக் கேட்டாத்தான் நகரும். எம்பாட்டு அதுக்குப் புளிச்சுப்போச்சு. புதுசா யாராச்சும் பாடுங்க."

ராஜா பிறந்ததிலிருந்து பாடியதில்லை. கூச்சத்தோடு, தாதி பாடிய தாலாட்டை எடுத்தார். ஓடம் நகர்ந்தது. மூச்சு வாங்க நிறுத்தினார். ஓடமும் நின்றது. நடு ஆற்றில் பயந்துபோன புலவர், கண்ணை மூடிக்கொண்டு தன் அகராதியையே ராகம் போட்டு இழுத்தார். கொக்குகள் எழுந்து பறந்தன. பனி மெல்ல இறங்கியது. ராஜா தான் ராஜா என்பதை மறந்து, கையைத் தண்ணீரில் அளைந்தபடி பாடிக்கொண்டே போனார்.

அம்பலவன் மட்டும் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தான். அது மரங்களின் தலையைத் தொடப் போய்க்கொண்டிருந்தது.

அக்கரையில் இறங்கினார்கள். அங்கே காத்திருந்த ஆட்டுக்காரி தன் ஆடுகளை ஏற்றினாள். காத்தான் கோலை ஊன்றினான். ஓடம் பாட்டும் இல்லாமல் கூத்தும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"யாரும் பாடக் காணோமே!" என்று கத்தினார் ராஜா.

"ஆட்டுக்குப் பாட வராதுங்க சாமி! நீங்க நல்லாத்தான் பாடுனீங்க!" என்று ஆற்றிலிருந்து பதில் வந்தது.

ராஜாவின் முகம் சிவந்தது. அம்பலவன் சூரியனை விட்டு ராஜாவின் முகத்தைப் பார்த்தான். இவர் இப்போது கோபித்தால் வீடு இல்லை, ஊர் இல்லை.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொல்லாத பயல்! என்ன பொல்லாத பயல் இவன்!"

அம்பலவன் மணலில் விழுந்து கும்பிட்டான். "அரசே, அந்தச் சொல் இதோ இப்போதுதான் பிறந்தது. ஏமாந்த பிறகும் சிரிக்கிற வாய்தான் அதன் பிறந்த இடம். காத்தானை மறுபடி பார்க்க ஆசையாக இருக்கிறதல்லவா? அதுதான் பொருள். பொழுது இன்னும் சாயவில்லை."

திரும்பும்போது, யாரும் கேட்காமலே, புலவரும் முணுமுணுவென்று பாடினார்.

மறுநாள் சபையில், பட்டில் சுற்றிய நீளமான பரிசு ஒன்று அம்பலவனுக்கு வந்தது. பிரித்தான். உள்ளே ஒரு மூங்கில் ஓடக்கோல்.

"இனிப் பௌர்ணமிதோறும் நீ ஓடம் தள்ளுவாய். நான் பாடுவேன். காதைப் பொத்தாமல் கேட்க வேண்டும். இது அரச கட்டளை" என்றார் ராஜா, முகத்தில் துளிச் சிரிப்பும் இல்லாமல்.

அம்பலவனுக்கு நேற்றைய தாலாட்டு ஞாபகம் வந்தது. "அடேயப்பா, பொல்லாத ராஜா!" என்று அவனையும் மீறி வந்துவிட்டது.

ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். இறங்கி வந்து, தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலவன் கழுத்தில் போட்டார்.

"மோர்க்காரி குரல் கேட்டதிலிருந்து இதற்காகத்தானய்யா காத்திருந்தேன்" என்று அவன் காதோடு சொன்னார்.