கல்லறை இல்லாதவனுக்கு ஒரு மெழுகுதிரி

சூசையப்பன் இங்கிலீஷ் படிக்க வந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. சொல்லிக்கொடுத்த ஷீபா டீச்சருக்கு முப்பத்துநாலு. ஊர் வாய்விட்டுச் சிரித்தது. சரக்குக் கப்பலில் வேலைக்குப் போன மகன் பிரிட்டோ நடுக்கடலில் காணாமல் போய் எட்டு மாதம். கம்பெனி எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் அடுத்தவன் வாயைப் பார்த்து நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

கல்லறைத் திருநாளன்று காலையில் கடிதமும் நோட்டுமாக வந்தார்.

"தேடுறத 'கிவ் அப்' பண்ணிட்டோம்னு எழுதிருக்கான் டீச்சர். நீங்க அதுக்கு நாலு அர்த்தம் சொன்னீங்க. பீடிய விடுறது, பஸ்ல எடத்த விட்டுக்கொடுக்குறது, தோத்தேன்னு ஒத்துக்கிறது, இனி இல்லைன்னு மனச விடுறது. இவன் எதச் சொல்லுதான்?"

"நாலாவது, ஐயா."

அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"நான் கிவ் அப் பண்ணலைன்னு பதில் எழுதணும். சொல்லித் தாங்க."

டீச்சர் சொன்னார். அவர் எழுத்துக் கூட்டி எழுதினார். ஒரு பிழைகூட இல்லை. சந்தோஷப்பட வேண்டிய டீச்சருக்கு அழுகை வந்தது.

"வீட்ல அவனப் பெத்தவ ஒருத்தி இருக்கா," என்றார் சூசையப்பன். "சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துல அவனுக்கு மெழுகுதிரி வைக்கப் போறாளாம். உடம்பே கிடைக்கல, திரி வைக்காளாம்! அவளுக்கும் அந்த நாலாவதுதானே?"

"நீங்க கூடப் போகலையா?"

"மாட்டேன். போனா நானே அவன மண்ணுல போட்ட மாதிரி."

டீச்சர் நோட்டை மூடி வைத்தார்.

"எங்க வீட்டுக்காரரும் கடல்லதான் போனாரு."

"தெரியும்மா. அந்தப் புயல்ல."

"மொத வருஷம் நான் திரி வைக்கல. வந்துருவாருன்னு இருந்தேன். அவங்க அம்மா, என் மாமி, தனியாப் போனாங்க. எந்தக் கல்லறையில வைக்கன்னு தெரியாம பெரிய சிலுவைக்குக் கீழ வெச்சுட்டு, இருட்டுற வரைக்கும் நின்னாங்களாம். ரெண்டாம் வருஷமும் அப்படித்தான்."

"மூணாம் வருஷம்?"

"மாமிக்கே திரி வைக்க நான் போக வேண்டியதாப் போச்சு. அப்பத்தான் அவருக்கும் ஒண்ணு வெச்சேன்."

சூசையப்பன் மெல்லக் கேட்டார்.

"அவரக் கைவிட்ட மாதிரி இருந்துச்சாம்மா?"

"இல்ல ஐயா. நான் கைவிட்டது மாமியத்தான்னு தெரிஞ்சுது."