சுவத்துல ஒரு வலது கை

ஒரு ஊர்ல ஒரு அக்கா இருந்தா. ராஜகுமாரியா, குதிரை வெச்சிருந்தாளான்னு எல்லாம் கேக்காதே. சும்மா ஏழாவது படிக்கற அக்கா, பேரு கோமளா. அவளுக்கு ஒரு தங்கச்சி, சுகுணா, நாலாவது படிக்கறா. ரெண்டு பேர்ல நல்லவ தங்கச்சிதான். ஆனா கதை அக்காவைப் பத்தினது. ஏன்னா வெக்கப்படற மாதிரி காரியம் பண்ணினது அவதான். சித்தி நடுநடுவுல நிறுத்துவேன், நீ ம் கொட்டணும். கொட்டலேன்னா தூங்கிட்டேன்னு நெனச்சு எழுந்து போயிடுவேன், என்ன?

"ம்."

அந்த சுகுணாவுக்கு எதை எடுத்தாலும் இடது கைதான் முன்னாடி வரும். பல்லு தேய்க்க இடது கை, பந்து போட இடது கை, முறுக்கு எடுக்க இடது கை. அவங்க அம்மாவுக்கு இது ஆகவே ஆகாது. நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுல இந்தக் கையால பரிமாறினா நாலு பேர் என்ன பேசுவாங்கன்னு அவங்களுக்கு பயம். கரண்டிக் காம்பால விரல் முட்டியில ஒண்ணு வைப்பாங்க. பட். அம்மா கெட்டவங்க இல்லடா. அவங்க அம்மா அவங்களை வளர்த்தது அப்படி.

அப்புறம் சுகுணா என்ன பண்ணினா, ஸ்கூல்ல வலது கையாலயே கோணல்மாணலா எழுதினா. யாரும் இல்லாதப்போ மட்டும் இடது கையை வெளியில எடுப்பா. அப்போ பாத்து கோமளா வந்துடுவா. சொல்லிடாதேக்கான்னு சின்னது கெஞ்சும். சொல்ல மாட்டேன்னு இவளும் சொல்லுவா. அப்புறம் ரிப்பனுக்கோ தலையணைக்கோ ரெண்டு பேருக்கும் சண்டை வரும். உடனே கிடுகிடுன்னு ஓடிப் போய் அம்மாகிட்ட சொல்லிடுவா. பட்.

"ம்."

அந்த ஊர்ல லைப்ரரி மாடியில சனிக்கிழமை ஆனா டிராயிங் கிளாஸ் நடக்கும். ரெஜினா டீச்சர் எடுப்பாங்க. கலர் எல்லாம் கிடையாது, வெறும் பென்சில், ஷேடிங் மட்டும்தான். கோமளாவைச் சேத்து விட்டாங்க. நானும்மான்னு சுகுணா கேட்டா. முதல்ல சோத்துக் கையால ஒழுங்கா எழுதப் பழகு, அப்புறம் படம் வரையலாம்னுட்டாங்க அம்மா. ஆனா கோமளா தனியா ரோட்டைத் தாண்டிப் போகக் கூடாதாம், சுகுணா துணைக்குப் போகணுமாம். அதனால இவ உள்ள போவா, அவ மாடிப்படியில உக்காந்திருப்பா. உள்ள டீச்சர் சொல்றது எல்லாம் படிக்கு நல்லாக் கேக்கும்.

டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா? பொருளைப் பாக்கறதுக்கு முன்னாடி வெளிச்சம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு பாருங்கன்னாங்க. வெளிச்சம் விழற இடத்துல பென்சிலே படக் கூடாது, பேப்பரை அப்படியே விட்டுடணும். அங்கேருந்து தள்ளிப் போகப் போக கோட்டை நெருக்கிக்கிட்டே போகணும். கறுப்பு வேணும்னா அழுத்தக் கூடாது, அதே இடத்துல பொறுமையா மேல மேல போடணும். இதான் ஷேடிங். கேக்க லேசா இருக்கில்ல?

"ம்."

லேசு இல்ல. முதல் சனிக்கிழமை முட்டை வரையச் சொன்னாங்க. கோமளா வெளிக்கோடு அழகாப் போட்டுட்டா. அப்புறம் ஷேடிங் பண்றேன்னு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய் தேய்னு தேச்சா. வறக்கு வறக்கு. முட்டை உருளைக்கிழங்கு ஆயிடுச்சு. பக்கத்துல இருந்த ஸ்டீபன், இதை அவிச்சு உப்பு போட்டுச் சாப்பிடலாம்னான். எல்லாரும் சிரிச்சாங்க. வீட்டுல போய் வேற வரைஞ்சு எடுத்துட்டு வான்னாங்க டீச்சர்.

வீட்டுக்கு வந்து நாலு பேப்பரைக் கிழிச்சா. அஞ்சாவது பேப்பர்ல அழுகை வந்துடுச்சு. அம்மா குழாய்க்குத் தண்ணி பிடிக்கப் போயிருந்தாங்க. அப்போ சுகுணா பக்கத்துல வந்து, நான் வேணா போடட்டுமாக்கான்னா. சமையல்கட்டுலேருந்து ஒரு முட்டையை எடுத்து ஜன்னல்கிட்ட வெச்சா. கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பாத்தா. அப்புறம் இடது கையில பென்சிலை எடுத்தா. சர்... சர்... சர்... மெதுவா, ஒரே பக்கமா சாஞ்ச கோடு. வெளிச்சம் விழற இடத்தைத் தொடவே இல்ல. பாத்துக்கிட்டே இருக்கும்போது அந்த முட்டை பேப்பர்லேருந்து மேல எழும்பி வந்துடுச்சு. கோமளா அதை வாங்கி அடியில தன் பேரை எழுதினா. நல்லா அழுத்தி எழுதினா.

அடுத்த வாரம் டீச்சர் அதைத் தூக்கிப் பிடிச்சுக் காட்டினாங்க. மொத்த கிளாஸும் பட பட படன்னு கை தட்டுச்சு. கோமளாவுக்குக் காது ரெண்டும் சுட்டுச்சு. வெளியில வந்தா, படியில சுகுணா எழுந்து நிக்கறா. டீச்சர் என்ன சொன்னாங்கக்கான்னு கேட்டா. சுமார்னு சொன்னாங்கன்னுட்டு இவ விறுவிறுன்னு எறங்கிப் போயிட்டா. கை தட்டினது படிக்குக் கேக்காதா என்ன?

"கேக்கும்."

கேட்டுச்சுதான். இதைவிடப் பெரிய அசிங்கம் இனிமேதான் இருக்கு. அன்னைக்கு சாயங்காலம் சுகுணா மறந்து போய் இடது கையால ஒரு முறுக்கை எடுத்துட்டா. சண்டை இல்ல, ஒண்ணும் இல்ல. கோமளா அவளாவே எழுந்து போய் அம்மாகிட்ட சொன்னா. பட். தனக்கு வராதது தங்கச்சிக்கு வருதேன்னு ஒரு கோவம். தனக்கு முட்டை வரைஞ்சு குடுத்த கைடா அது, அந்தக் கைக்கு அடி வாங்கிக் குடுத்துட்டு இவ உக்காந்து முறுக்கு சாப்பிட்டா. இந்த இடத்தைச் சொல்றதுக்கு எனக்கே கூசுது.

அப்புறம் ரெண்டாவது, பித்தளைச் சொம்பு. அதுல ஒரு கோட்டு மேல இன்னொரு கோட்டைக் குறுக்கால போட்டு இருட்டாக்கணும், பளபளப்பை மட்டும் வெள்ளையா விடணும். கோமளாவுக்கு அது வலை மாதிரி வந்துச்சு. சுகுணாவுக்கு விரல் முட்டி வீங்கியிருந்துச்சு. இருந்தாலும் வரைஞ்சு குடுத்தா. அதுக்கும் டீச்சர் சபாஷ்னாங்க. இவ அதுலயும் பேரு எழுதினா.

மூணாவதா, அவங்கவங்க கையையே டேபிள் மேல கவுத்து வெச்சு, பாத்து வரைஞ்சுட்டு வாங்கன்னுட்டாங்க. விரலுக்கு நடுவுல விழற நிழல், நகத்துல இருக்கற மினுக்கு, எல்லாம் வரணுமாம். இந்தத் தடவை கோமளா வெளிக்கோடுகூடப் போடலை. பேப்பரை அப்படியே சுகுணாகிட்ட நீட்டிட்டா. அவ தன் கையை வெச்சுக்கிட்டு ரெண்டு மத்தியானம் வரைஞ்சா. இவ பேரு மட்டும் எழுதினா.

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அடுத்த சனிக்கிழமை எல்லார் படத்தையும் டீச்சர் சுவத்துல வரிசையா குத்தி வெச்சாங்க. கிளாஸ் முடியற நேரத்துக்கு அப்பா அம்மா எல்லாம் வந்து பாக்கப் போறாங்களாம். கோமளாவோட அம்மா மட்டும் அடுப்பு வேலை இருக்கு, வரலைன்னுட்டாங்க. பதினாலு கை. கோமளா படம் நட்டநடுவுல. அதான் இருக்கறதுலயே அழகு. டீச்சர் தள்ளி நின்னு பாத்தாங்க. பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்போ அந்த ஸ்டீபன் பய சொன்னான், டீச்சர், எல்லாக் கட்டை விரலும் வலது பக்கம் பாக்குது, கோமளாவோடது மட்டும் இடது பக்கம் பாக்குதேன்னு.

புரியுதா? உன் கையைக் கவுத்து வெச்சுப் பாரு. வலது கையில பென்சிலைப் பிடிச்சா, டேபிள்ல வெக்கறதுக்கு மிச்சம் இருக்கறது இடது கைதானே? அதனால பதிமூணு பேர் படத்துலயும் இடது கை. நடுவுல இருந்தது மட்டும் வலது கை. அப்படின்னா அதை வரைஞ்சது?

"இடது கை."

அதேதான். டீச்சர் பக்கத்துல போய்ப் பாத்தாங்க. கோடு எல்லாம்கூட மத்தவங்களுக்கு நேர் எதிர்ப் பக்கம் சாஞ்சிருக்கு. அப்போ மெதுவாக் கேட்டாங்க, "கோமளா, நீ எந்தக் கையால வரைஞ்சே?"

இடது கையாலதான்னு கோமளா ஒரு பொய்யைச் சொன்னா. எங்க போட்டுக் காட்டுன்னாங்க. இடது கையில பென்சிலைப் பிடிச்சா. கிறுக், கிறுக்குன்னு கோடு எங்கேயோ போகுது. பென்சில் கையை விட்டு நழுவி டொக்குன்னு விழுந்துச்சு. கிளாஸே சிரிச்சுது. அன்னைக்கு உருளைக்கிழங்குக்குச் சிரிச்ச சிரிப்பு இல்ல, இது வேற.

அப்புறம் டீச்சர் ரெண்டாவது தடவை கேட்டாங்க, அப்போ யார்தான் வரைஞ்சாங்கன்னு. இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு, என் தங்கச்சி, வெளியில படியில இருக்கான்னா. கூப்பிட்டாங்க. சுகுணா வந்து கதவுகிட்ட நின்னா. டீச்சர் பேப்பரும் பென்சிலும் குடுத்து, ஒரு முட்டை போடும்மான்னாங்க. அத்தனை பேரும் பாக்கறாங்க. சுகுணா ஒரு தடவை அக்காவைப் பாத்தா. அந்தப் பார்வை கோமளாவுக்கு நல்லாத் தெரிஞ்ச பார்வை. அக்கா மறுபடியும் மாட்டி விட்டுட்டான்னு நெனச்சுக்கிச்சு அது. இடது கையைப் பாவாடைக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுக்கிட்டு, வலது கையால பென்சிலை எடுத்து, ஏதோ ஒண்ணைக் கோணலாப் போட்டுச்சு.

டீச்சருக்கு அப்போதான் கோவம் வந்துச்சு. "சின்னப் பொண்ணை எதுக்கும்மா இதுல இழுக்கறே? மூணாவது தடவை கேக்கறேன். உண்மையைச் சொல்லு."

இங்கதான் கோமளா தப்பிச்சிருக்கலாம். யாரோ பக்கத்து வீட்டு மாமா வரைஞ்சு குடுத்தார்னு சொல்லியிருந்தா ரெண்டு திட்டோட போயிருக்கும். ஆனா அந்தப் பாவாடைக்குப் பின்னாடி இருந்த கையைப் பாத்துட்டா. சொன்னா.

"அவ இடது கையாலதான் வரைவா டீச்சர். இப்போ வெளியில எடுக்க மாட்டா. எடுத்தா வீட்டுல அடி விழும். அந்த அடியை வாங்கிக் குடுக்கறதே நான்தான். முட்டை படத்துக்கு நீங்க எல்லாரும் கை தட்டினீங்கல்ல, அன்னைக்கு சாயங்காலமும் நான்தான் போய் சொன்னேன்."

யாரும் சிரிக்கலை. சிரிச்சிருந்தாலாவது தேவலை. டீச்சர் ஒரு ரப்பரை எடுத்து அவ கையில குடுத்தாங்க. அவ போய் படத்துல இருந்த தன் பேரை அழிச்சா. அழுத்தி எழுதினது இல்லையா, எவ்வளவு தேச்சும் தடம் போகலை. எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்காங்க, இவ தேச்சுக்கிட்டே இருக்கா. போதும் விடுன்னு டீச்சரே சொல்ற வரைக்கும் தேச்சா.

"ம்..."

அப்புறம் டீச்சர் சுகுணாவுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாங்க. எந்தக் கையால வேணாலும் போடுன்னாங்க. ரொம்ப நேரம் ஆச்சு. அப்புறம் பாவாடைக்குப் பின்னாலேருந்து அந்தக் கை மெல்ல வந்துச்சு. சர்... சர்... சர்... அந்த மாடியில வேற சத்தமே இல்ல.

அப்புறம் ரெண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்பினாங்க. ரோட்டைத் தாண்டினாங்க, மாவு மில்லைத் தாண்டினாங்க. தெரு முனை வந்ததும் சுகுணா நின்னுட்டா.

"அக்கா, நான் அங்க இடது கையால வரைஞ்சதை அம்மாகிட்ட சொல்லுவியா?"

அடடா, அந்தக் கேள்வி. கிளாஸ்ல அத்தனை பேர் முன்னாடி நின்னப்போகூட கோமளாவுக்கு அப்படி வலிக்கலை. சொல்ல மாட்டேன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தா. எத்தனை தடவை சொல்லி, எத்தனை தடவை ஏமாத்தின வார்த்தை அது? வாயில வரவே இல்ல. நீ மெதுவா வான்னு மட்டும் சொல்லிட்டு விடுவிடுன்னு முன்னாடி நடந்தா. வீட்டுக்குள்ள போனா. அம்மா அடுப்புகிட்ட கரண்டியோட நின்னாங்க. முட்டையில ஆரம்பிச்சு, சொம்பு, கை, படத்துக்கு அடியில எழுதின பேரு, முறுக்கு, எல்லாத்தையும் தன் மேலயே போட்டுச் சொல்லி முடிச்சா. முடிச்சுட்டுத் தன் கையை நீட்டினா.

"அம்மா அடிச்சாங்களா சித்தி?"

இல்லடா. அடுப்பை அணைச்சிட்டு, இவளைத் தாண்டி வாசலுக்குப் போனாங்க. அங்க நின்ன சுகுணாவோட இடது கையை எடுத்து, வீங்கியிருந்த முட்டியைத் தடவிப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. கோமளா நீட்டின கையை நீட்டினபடியே அடுப்படியில நின்னா. ஒரு அடி விழுந்திருந்தா அவளுக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும். விழலை.

கதை அவ்வளவுதான்டா கண்ணு. போர்வையை இழுத்துக்கோ, கண்ணை மூடு, தூங்கு.